கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

குற்றவியல் நடுவராகப் புதிதாக நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்குப் பயிற்சியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சோற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சட்டப் புத்தகங்களுக்கெல்லாம் இப்போது பெயர் மாறிவிட்டது. மனப்பாடமாக வைத்திருந்த பிரிவு எண்களும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இதையெல்லாம் மறுபடி படிக்கும் தலைவலி இல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பச்சைப் பொய். திங்கட்கிழமை காலையானால் இன்னமும் கறுப்புக் கோட்டைத் தேடிக் கை அலமாரிப் பக்கம் போகிறது. என்னுடைய இடத்தில் உட்காரப் போகிற உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, மன்னித்துவிடுங்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு நீதிபதி இருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் கடுகடுவென்று இருக்கும். ரிமாண்ட் கேட்டு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். ரிமாண்ட் என்றால் உங்களுக்குத் தெரியும். ஒருவரைக் கைது செய்த போலீஸ், ஒரு நாளுக்குள் நம் முன்னால் கொண்டுவர வேண்டும். சிறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். நாம் கையெழுத்துப் போடும்வரை அந்த ஆளைப் பிடித்து வைத்திருக்க அரசாங்கத்துக்கு அந்த ஒரு நாளுக்கு மேல் அதிகாரம் கிடையாது. அரசியல் சாசனம் அவ்வளவுதான் கடன் கொடுத்திருக்கிறது.

அவர் சொன்னார்: "மொதல்ல போலீஸ வெளிய நிக்கச் சொல்லும்மா. அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி போடு. அடிச்சாங்களான்னு எடுத்த உடனே கேக்காத, இல்லைன்னுதான் சொல்லுவான். திரும்பி அவங்க ஜீப்புலதான அவன் போவணும்? கடைசியா எப்ப சாப்பிட்டேன்னு கேளு. எதையெதை மறைக்கணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. சோத்த மறைக்கச் சொல்லணும்னு எவனுக்கும் தோணாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சரி, பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று அந்தக் கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டேன். பல வருடங்கள் அதற்கு எந்தப் பயனும் இருக்கவில்லை. "காலையில இட்லிங்க" என்பார்கள், "டீ மட்டுங்க" என்பார்கள். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

பிறகு என்னைப் பெரம்பலூருக்கு மாற்றினார்கள்.

அந்த ஊருக்கு மாற்றல் என்றதும் என்னைவிட மகிழ்ந்தது என் அம்மாதான். அம்மா பிறந்தது அரியலூர்ப் பக்கம். கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனவள், அங்கேயே கிடந்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டுக்குச் சிறுவாச்சூர் காளிதான் குலதெய்வம். முட்டி தேய்ந்து பஸ் ஏற முடியாமல் போன பிறகு, மகள் போய் அம்மனைப் பார்த்துக் குங்குமம் வாங்கிவந்தால் போதும் என்று இருந்தாள். பெரம்பலூரிலிருந்து கூப்பிடு தூரம். இதிலென்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன். வேலையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

போனால் கதவு சாத்தியிருக்கிறது. வாசலில் ஒரு பூக்கடை இல்லை, ஒரு மனிதர் இல்லை. வெயிலில் ஒரு நாய் மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது. வழியில் போன ஒரு பெண்ணைக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊரு நீங்க? திங்க, வெள்ளி ரெண்டு நாளுந்தாங்க நடை தொறப்பாங்க. மத்த நாளு ஆத்தா மலையில இருப்பா" என்றாள்.

திங்களும் வெள்ளியும்! இரண்டும் கோர்ட் நாள். விசேஷ நாளில் திறப்பார்கள்தான், ஆனால் அன்றைக்குக் கூடுகிற கூட்டத்தில், என் எல்லைக்குள்ளேயே, நாளைக்கு என் முன்னால் வந்து நிற்கக்கூடிய ஆயிரம் பேருக்கு நடுவே நான் போய் நிற்கத் தயங்கினேன். லீவு போட்டிருக்கலாம். இதோ அடுத்த வாரம், இந்த வழக்கு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோர்ட்டில் யாராவது சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது, இந்நேரம் அங்கே தீபாராதனை ஆகிக்கொண்டிருக்கும் என்று ஒரு நிமிடம் மனம் போய்வரும். ஒரு கோயில் எந்த நாளில் திறக்கும், எந்த நாளில் மூடும் என்பது ஏக்கமாகவே எனக்குள் ஊறிப்போயிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் கைதானவர்களை நம் குடியிருப்புக்கே கொண்டுவருவார்கள் அல்லவா? மதியச் சமையலை அடுப்பில் வைத்துவிட்டு அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"இந்த வெள்ளிக்கிழமயும் போவலியாடி?"

"கோர்ட் இருந்துச்சும்மா."

"ஒரு நாளு நீ போவலன்னா ஒன் கோர்ட்டு எந்திரிச்சு ஓடிப்போயிடுமா?"

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வந்தது ஒரு தனிப்படை. கோயில் கூட்டத்தில் சங்கிலிப் பறிப்பு அதிகமாகிவிட்டதால் அமைத்திருந்தார்கள். தலைமை தாங்கிய சப்-இன்ஸ்பெக்டர் தென் மாவட்டத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இளைஞர், சுறுசுறுப்பானவர், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. கூட ஒரு ஏட்டு. நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு செல்வராசு என்பவர். கோயில் நாட்களில் தரையில் தார்ப்பாய் விரித்து வளையலும் பாசிமணியும் விற்கிறவர்.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை கோயில் நெரிசலில் திருமானூரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவின் தாலிச்சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செல்வராசுதான் எடுத்தார், விசாரித்தபோது ஒத்துக்கொண்டார் என்பது போலீஸ் தரப்பு. சங்கிலி கிடைக்கவில்லை. அவர் படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் 'பலே திருடன் சிக்கினான்' என்று ஊர் முழுக்கச் சுற்றியிருந்தது. என் வீட்டில் பால் ஊற்றுகிறவர்கூட காலையில் எனக்குக் காட்டியிருந்தார். நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதை ஜம்பம் என்று நினைத்திருப்பார்.

கைது விவரத்தைப் படித்தேன். 'இன்று ஞாயிற்றுக்கிழமை காலை சிறுவாச்சூர் கோயில் வாசலில் பக்தர்கள் கூட்டத்தில் சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருந்தவரைச் சுற்றி வளைத்து...'

அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. சாத்திய கதவும் படுத்திருந்த நாயும் அப்படியே முன்னால் வந்து நின்றன.

பாவம், சப்-இன்ஸ்பெக்டர் அவருடைய ஊர் வழக்கப்படி எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எந்தக் கோயிலிலும் கூட்டம் இருக்கும் என்ற நம்பிக்கை. இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லை.

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. போலீசாரை வெளியே நிற்கச் சொன்னேன். செல்வராசுவை உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல் உட்கார்ந்தார்.

"அடிச்சாங்களா?" என்றேன். என் பெரியவர் எடுத்ததுமே கேட்காதே என்று சொன்னதுதான். படித்ததை உடனே மறப்பதில் நமக்கு நிகர் யாருமில்லை.

"இல்லீங்கம்மா."

"எப்ப பிடிச்சாங்க?"

"இன்னிக்குக் காலையிலங்க. கோயிலுகிட்டங்க." மூச்சு விடாமல் ஒப்பித்தார். கண் கதவைப் பார்த்தது.

என்ன செய்வது சொல்லுங்கள்? பிடிபட்டவரே பொய்க்குச் சாட்சி சொல்கிறார். சம்பந்தப்பட்ட இருவரும் ஒரே மாதிரி சொல்லும்போது நடுவில் உனக்கென்ன வந்தது என்று என் மனதே என்னைக் கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுப்பில் இருக்கும் சாதம் குழையாது. ஜாமீனில் பார்த்துக்கொள்ளட்டும். இந்தச் சபலம் உங்களுக்கும் வரும். பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் வரும்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

அவருடைய முகம் இளகியது. "ராத்திரி ஸ்டேசன்ல பொட்டலச் சோறு வாங்கிக் குடுத்தாங்கம்மா. குத்தஞ் சொல்லக் கூடாதுங்க. முந்தா நாளு ராத்திரிகூட பரோட்டா..."

அங்கே நின்றுவிட்டார். தன் நாக்கே தன்னைக் காட்டிக்கொடுத்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன். "என் வூட்டுக்காரிங்க" என்றார். அவருடைய மனைவிக்கு அன்று காலை போனில் தகவல் தெரிவித்ததாகவும் கைது விவரத்தில் எழுதியிருந்தது. அவளை உள்ளே வரச் சொன்னேன். நேராக என் முகத்தைப் பார்க்கவில்லை, கணவரையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு யாரும் போனு பண்ணலீங்க. வெள்ளிக்கெழம மத்தியானம், கடையப் பாத்துக்க, சாப்பிட்டு வந்துடறேன்னு போனாருங்க. போனவரு போனவருதான். ஸ்டேசன் ஸ்டேசனா அலையறேன், இங்க இல்ல இங்க இல்லன்னு வெரட்டுறாங்க. இன்னிக்கு ஜீப்புல ஏத்தும்போது பாத்துட்டுப் பின்னாடியே ஆட்டோவுல வந்தேன். சாப்பிட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா."

ஒரு மனிதர் சாப்பிடப் போகிறார், திரும்பி வரவில்லை. இரண்டு நாளாக அவர் இந்த நாட்டின் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவருக்கு என்ன நடந்தாலும் நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அரசியல் சாசனம் எழுதியவர்கள் எதைப் பார்த்து பயந்து அந்த ஒரு நாள் கெடுவைப் போட்டார்களோ, அது தூக்குச்சட்டியோடு என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

போலீசாரை உள்ளே கூப்பிட்டேன். ஏட்டைக் கேட்டேன்: "நீங்க எந்த ஊர்?"

"இங்கதாங்கம்மா, பக்கத்துல குன்னம்."

"சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் போற வழக்கம் உண்டா?"

"வருசா வருசம் போவோங்கம்மா."

"ஞாயிற்றுக்கிழமையில போயிருக்கீங்களா?"

அவர் புரிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற மேலதிகாரியைப் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கும் அவர் அந்த ஆளிடம்தான் வேலை செய்ய வேண்டும். ஆனாலும் நான் காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழம நடை தொறக்க மாட்டாங்கம்மா" என்றார் மெதுவாக. "ஈ காக்கா இருக்காது."

சப்-இன்ஸ்பெக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. கெட்டவர் இல்லை அவர், இதை நீங்கள் நம்ப வேண்டும். "மேடம், அடிக்கவே இல்ல மேடம். வேளா வேளைக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துத்தான் வச்சிருந்தோம். விசாரணை முடியல, அதான் நேரமாயிடுச்சு. இன்னைக்கு ரிமாண்ட் ஆகணும்னு மேல சொல்லிட்டாங்க. அந்தப் பாட்டி தாலி போச்சேன்னு அழுததை நீங்க பார்த்திருந்தா இப்படிக் கேட்க மாட்டீங்க மேடம்."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த அம்மா அழுதது உண்மை. என் அம்மா வயதுதான் இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் உண்மையிலேயே அதை அறுத்தவராக இருந்தால்? நான் விட்டுவிட, நாளைக்கு இவர் இன்னொரு கழுத்தில் கை வைத்தால்? ஒரு நிமிடம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் திருடரா இல்லையா என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. என்னிடம் அன்று கேட்கப்பட்ட கேள்வி அது இல்லை. அரசாங்கம் சட்டத்தின் வழியாக வந்திருக்கிறதா, சுவர் ஏறிக் குதித்து வந்திருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்க்க வேண்டும். நல்ல சாப்பாடு போட்டுப் பிடித்து வைத்தாலும் சுவர் சுவர்தான்.

"தம்பி, இவர்தான் எடுத்தாருன்னா ஆதாரத்தோட வாங்க. சட்டப்படி பிடிங்க, பிடிச்சதைப் பிடிச்ச நேரத்துல எழுதுங்க, அன்னைக்கு நானே கையெழுத்துப் போடறேன். இன்னைக்குப் போட மாட்டேன்."

உத்தரவை என் கையாலேயே எழுதினேன். காவலில் வைக்க மறுக்கிறேன், உடனே விடுவிக்க வேண்டும், ஏன் என்றால் இது, இது, இது. உடம்பில் காயம் இல்லை என்பதையும் எழுதினேன். நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் நாமும் அந்தக் கைது விவரத்தை எழுதியவர் மாதிரிதான். மேல் நீதிபதிக்கு ஓர் அறிக்கையும் அனுப்பினேன்.

"நீங்க போலாம்" என்றேன். செல்வராசு எழுந்து, போலீசார் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவருக்குப் புரியவில்லை. அவருடைய மனைவிதான் கையைப் பிடித்து இழுத்தாள். கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "அம்மா, வெள்ளிக்கெழம ஒரு நாளு கோயிலுக்கு வாங்கம்மா. தேரு நிக்கிற எடத்துக்கிட்டதான் நம்ம கடை" என்றார். அதற்கெல்லாம் நான் பதில் சொல்லக் கூடாது. உள்ளே வந்து பார்த்தால் சாதம் அடிப்பிடித்திருந்தது.

என்னை யாரும் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. 'திருடனை விட்ட ஜட்ஜம்மா' என்று அதே வாட்ஸ்அப்பில் என்னைச் சுற்ற விட்டார்கள். அந்த ஏட்டை வேறு எங்கோ மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு வரிக்காகத்தானா என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் அவரை ஒருமுறை பார்த்து, நீங்கள் அன்று பேசாமல் இருந்திருக்கலாம், பேசினீர்கள் என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. கொஞ்ச நாளில் எனக்கும் மாற்றல் வந்தது. சங்கிலி வழக்கு எப்படி முடிந்தது என்பது என் காதுக்கு வரவே இல்லை.

நான் கோயிலுக்கும் போகவில்லை. ஊரை விட்டுக் கிளம்பிய நாளும் ஒரு புதன்கிழமை. அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள். கடைசிவரைக்கும் அவள் கேட்டதை நிறுத்தவில்லை, நான் அடுத்த வாரம் என்று சொன்னதையும் நிறுத்தவில்லை.

இப்போது எனக்கு எல்லாக் கிழமையும் சொந்தம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை சிறுவாச்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அன்று நான் பார்த்த அதே தெருவா என்று திகைத்துப்போனேன். பூவும் எலுமிச்சையும் மனிதத் தலையுமாக இருந்தது. வரிசையில் நின்று, இடிபட்டு, நகர்ந்து, கடைசியில் அம்மனைப் பார்த்தேன். குங்குமம் வாங்கிக்கொண்டேன். அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். அழுதேன். கூட்டத்தில் அழுதால் பக்தி என்று விட்டுவிடுகிறார்கள், அது ஒரு வசதி.

தேர் நிற்கிற இடத்தருகே ஒரு தார்ப்பாய் விரித்திருந்தது. வளையல், பாசிமணி, ரிப்பன். செல்வராசுவின் மனைவிதான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நெற்றியோரம் நரைத்திருந்தது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று அவள் என்னை எங்கே பார்த்தாள்?

"வாங்கம்மா, கண்ணாடி வளையலு புதுசு. கையக் காட்டுங்க."

காட்டினேன். வலிக்காமல் ஏற்றிவிட்டாள். நான் யார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல், "வீட்டுக்காரர் இல்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

"சாப்பிடப் போயிருக்காரு. வந்துடுவாரு" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அடுத்த வளையலுக்கு என் விரல்களைக் குவித்துப் பிடித்தாள்.

அவர் வரும்வரை நான் நிற்கவில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் உங்கள் நினைப்புதான் வந்தது. திங்கட்கிழமை மத்தியானம், கோர்ட் நடந்துகொண்டிருக்கும். யாரோ ஒருவரைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நிறுத்தியிருப்பார்கள். எங்கோ ஒரு வீட்டில் அவருக்காகச் சோறு மூடி வைத்திருப்பார்கள். அவரை உட்காரச் சொன்னீர்களா? கேட்டீர்களா? வளையல் குலுங்கக் குலுங்க ஓடிவந்து உங்கள் தோளைத் தள்ளிவிட்டு, நானே அவரிடம் கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது.